பேட்டைகளின் கதை – 17: கோராத் துணியும் தண்ணீரின் தோலும்

செடியிலிருந்து பறித்துக் கொட்டை நீக்கிய பஞ்சில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீர்க் குவளையில் போட்டால் மிதக்கும். மணிக்கணக்கில் விட்டாலும் உள்ளே ஈரம் ஏறாது. மருந்துக் கடையில் சுருட்டி விற்கிற பஞ்சை அதே குவளையில் போட்டால் 10 நொடிக்குள் மூழ்கிவிடும். மூழ்காவிட்டால் அதை மருத்துவப் பஞ்சு என்று விற்கக்கூடாது என்பது மருந்துத் தர நூல்களின் விதி. இரண்டும் ஒரே செடியின் பஞ்சுதான். காரநீரில் வேகவைத்து அலசி வெளுத்தால் முதலாவது இரண்டாவதாகிவிடும். இந்த இரண்டு பஞ்சுக்கும் நடுவில் இருக்கிற வேலையைச் செய்யத்தான் வண்ணாரப்பேட்டை என்று ஓர் ஊரே எழுந்தது. அந்த வேலையைச் சோப்பு வருவதற்கு முந்திய காலத்து மாற்று ஏற்பாடு, ஏழைகளின் கைவைத்தியம் என்று பொதுவாக நினைக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்பதே இந்த இதழின் வாதம். சோப்பு என்ற கட்டி சென்னைத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக இறங்குவதற்கு வெகு காலத்துக்கு முன்பே, சோப்பின் வேலை இந்தப் பேட்டையின் தாழிகளில் இரவுதோறும் நடந்துகொண்டிருந்தது.

சென்ற இதழில் காலடிப்பேட்டையைப் பார்த்தோம். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலட், திருவொற்றியூர்ப் பக்கம் நெசவாளரையும் துணியில் சித்திரம் எழுதுவோரையும் குடியேற்றிய ஊர் அது. 1734-ல் சிந்தாதிரிப்பேட்டை அதே நோக்கத்தோடு எழுந்தது. இவற்றுக்கெல்லாம் முந்திய காரணம் 1639-ல் இருக்கிறது. கப்பல் ஒதுங்க வசதியில்லாத, அலை அடித்துப் படகைக் கவிழ்க்கிற ஒரு மணல்கரையைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், மற்ற இடங்களைவிட இங்கே நீளத்துணி 20 சதவீதம் மலிவு என்பதுதான் அவர் மேலிடத்துக்குச் சொன்ன பதில். ஆனால் தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே லண்டனுக்கு அனுப்ப முடியாது. அது கோரா: பழுப்பு நிறம், கஞ்சி விறைப்பு, தொட்டால் மொரமொரப்பு. அதை வெளுத்து, அடித்து, மடித்து, கட்டுக் கட்டினால்தான் சரக்கு. கம்பெனி ஏடுகளில் ‘வாஷர்கள்’ என்று திரும்பத் திரும்ப வருகிறவர்கள் வீட்டு அழுக்குத் துணியைத் துவைத்தவர்கள் அல்லர். ஏற்றுமதிச் சரக்கின் கடைசிக் கட்டத் தொழிலாளர்கள். கறுப்பர் நகரத்துக்கு வடக்கே அவர்கள் இருந்த இடம்தான் பேட்டையாயிற்று. வண்ணார் என்ற சொல்லில் வண்ணம் இருப்பதால் இது சாயக்காரர் ஊராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. சொல்லின் வேர் எதுவானாலும், ஆங்கிலேயர் அதை ‘வாஷர்மேன்’ என்றே மொழிபெயர்த்தார்கள். சாயம் பிடிக்க வேண்டுமானாலும் துணி முதலில் வெளுப்புக்கு வந்தாக வேண்டும். ஆகவே இந்தச் சண்டையில் எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நம் கதை மாறாது.

இனி, தண்ணீருக்கு வருவோம். குளத்தின் மேல் நீர்ப்பூச்சி கால் நனையாமல் ஓடுகிறதே, அதற்குக் காரணம் தண்ணீரின் பரப்பு இழுவிசை. நீரின் நடுவில் இருக்கிற மூலக்கூறை எல்லாப் பக்கத்திலிருந்தும் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் இழுத்துக்கொண்டிருக்கும். மேற்பரப்பில் இருப்பதற்கு மேலே ஆள் இல்லை. பக்கவாட்டிலும் உள்நோக்கியுமே இழுபடும். அதனால் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல நடந்துகொள்கிறது, எப்போதும் சுருங்கப் பார்க்கிறது. 20 பாகை வெப்பத்தில் இதன் அளவு மீட்டருக்குச் சுமார் 72.8 மில்லிநியூட்டன். சாதாரணத் திரவங்களில் இவ்வளவு விறைத்த தோல் வேறெதற்கும் அநேகமாக இல்லை. ஆல்கஹாலுக்கு இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே, அதே கடற்கரை வரிசையில் இருக்கிற மாநிலக் கல்லூரிக்கும் இந்த அளவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அங்கே படித்த சி.வி. ராமனின் தொடக்ககாலக் கட்டுரைகளில் ஒன்று, வளைவை அளந்து திரவத்தின் பரப்பு இழுவிசையைக் கணிக்கும் முறை பற்றியது. 1907-ல் ‘பிலசாபிகல் மேகசின்’ இதழில் வந்தது. ஒளிச்சிதறலுக்கு நோபல் பரிசு வாங்கியவர், அதற்கு வெகு முன்பே திரவத்தின் தோலையும் தொட்டுப் பார்த்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.

இந்தத் தோல்தான் துணிக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கிற தகராறு. தண்ணீர்த் துளி ஒரு பரப்பில் பரவுமா, முத்தாய் உருண்டு நிற்குமா என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது: தண்ணீர் தன்னைத்தானே எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறது, அந்தப் பரப்பு தண்ணீரை எவ்வளவு விரும்புகிறது. தாமரை இலையில் பரப்புக்கு விருப்பமில்லை, துளி உருள்கிறது. பச்சைப் பஞ்சு இழையும் ஒரு வகையில் தாமரை இலைதான். இழையின் எடையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும் ஒரு மெழுகு அதன் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கிறது. செடிக்கு அது மழையிலிருந்து காப்பு, வெளுப்பவருக்கு அது முதல் பகை. இதோடு நெசவாளர் தம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்கிறார். பாவு நூல் தறியில் உரசி அறுந்துவிடாமல் இருக்க அரிசிக் கஞ்சியோ கேழ்வரகுக் கஞ்சியோ தோய்த்துத் தெருவில் நீட்டிக் கட்டிப் புருசால் நீவுவார்கள். கஞ்சி காய்ந்து நொறுங்காமல் வழவழப்பாக இருக்க அதில் கொஞ்சம் நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ விடுவது வழக்கம். ஆக, பேட்டைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு கோராத் துணியிலும் மெழுகு, மாவு, எண்ணெய் மூன்றும் இருந்தன. பார்த்தால் மூன்றும் இடைஞ்சல். ஆனால் இந்த எண்ணெயையும் மெழுகையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கட்டத்தில் பகையே கருவியாகப் போகிறது.

வெள்ளாவியைச் சற்றுக் கிட்டே நின்று பார்ப்போம். முதலில் துணியை நீரில் ஊறப்போட்டு, புளிக்கவிட்டு, கஞ்சியைக் கழற்றுவார்கள். ஆட்டுப் புழுக்கையோ சாணமோ கரைத்த நீரில் ஊறவைப்பதும் சோழமண்டலக் கரை வெளுப்பில் உண்டு. பிறகு உவர்மண். கோடையில் தாழ்ந்த நிலங்களில் வெள்ளை பூத்துக் கிடக்கும் சவுட்டு மண்ணைச் சுரண்டிக் கூட்டிப் பானையில் கரைத்து, தெளியவைத்து, மேல்நீரை இறுப்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட், நாம் சலவைச் சோடா என்று சொல்வது. கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் அதன் ஒரு பகுதி எரிசோடாவாக மாறிக் காரம் ஏறிவிடும். இந்த நீரில் துணியைத் தோய்த்து, ஈரம் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, அடுப்பின் மேல் வாய் அகன்ற தாழிக்கு மேலே வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். நடுவில் ஆவி ஏறுவதற்கு வழி. மேலே மூட்டம். கீழே தாழியில் தண்ணீர் கொதிக்க, இரவு முழுக்க ஆவி துணிக் குவியலுக்குள் ஊடுருவும். விடியற்காலையில் இறக்கி, ஆறிய பிறகு கல்லுக்குக் கொண்டுபோவார்கள். துணியைக் காரநீரில் மூழ்கவைத்து வேகவைக்காமல் ஆவியில் அவித்ததன் நுட்பம் கவனிக்கத் தக்கது. கொஞ்சமே இருக்கிற காரம் தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போகாமல் இழையோடு ஒட்டியே நிற்கும், விறகும் குறைவாகப் பிடிக்கும். மாவை நேரே கொதிநீரில் போடாமல் இட்டலிக் கொப்பரையில் அவிப்பதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். வேதியியல் தெரிந்த வாசகர் சொல்வார்: சலவைச் சோடாவைக் கரைத்தால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறையாதே, உப்புகளைப் போலவே அதுவும் மிகச் சிறிய அளவில் அதைக் கூட்டத்தானே செய்யும்? சரிதான். வெப்பத்தைக் காரணம் காட்டினாலும் கணக்கு தேறாது. 100 பாகையில் தண்ணீரின் இழுவிசை சுமார் 59-க்கு இறங்கும், ஐந்தில் ஒரு பங்கு தளர்வுதான். சோப்புக் கரைசலோ அதை 25-க்கும் 30-க்கும் இடையில் கொண்டுவந்துவிடும். அப்படியானால் உவர்மண்ணும் நெருப்பும் எப்படிச் சோப்பின் வேலையைச் செய்தன? பதில் துணிக்குள்ளேயே இருக்கிறது. கொழுப்பும் காரமும் சூட்டில் சேர்ந்தால் பிறப்பதற்குப் பெயர்தான் சோப்பு. மெழுகில் இருக்கிற கொழுப்பு அமிலங்களையும் பாவுக் கஞ்சியில் நெசவாளர் விட்ட எண்ணெயையும் இரவு முழுக்கக் காரம் தின்றுகொண்டிருக்கும்போது, இழையின் மேலேயே, தேவையான அதே இடத்தில், சோப்பு உருவாகிறது. அந்தச் சோப்பின் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரோடு சேரும், மற்றது எண்ணெயோடு சேரும். நீரின் மேற்பரப்பில் அது வரிசையாக வந்து நின்றதும் தண்ணீர் மூலக்கூறுகளின் கட்டிப்பிடிப்பு தளர்ந்துபோகிறது. தளர்ந்த நீர் இழைகளின் இடுக்கில் புகுகிறது, சோப்பாக மாறாத மிச்ச மெழுகைத் துளித்துளியாகச் சூழ்ந்து பெயர்த்தெடுக்கிறது. இன்றைய ஆலைகளில் எரிசோடாவோடு அழுத்தக் கொப்பரையில் துணியை வேகவைப்பதற்கு நெசவு வேதியியல் நூல்கள் தருகிற விளக்கமும் இதுவேதான். தமிழ்ச் சொல்லே இதற்குச் சாட்சி. சோப்புக்கு நம் பழைய பெயர் சவர்க்காரம், பேச்சில் சவுக்காரம். ஈழத்தில் இன்றும் அதுதான் வழக்கு. பிரித்தால் சவர், காரம். சவர் என்றால் உவர். உவர்மண் காரத்துக்கு வைத்த பெயரை, பிறகு கட்டியாக வந்த பொருளுக்கும் நம்மவர்கள் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்; இரண்டும் ஒரே வேலைக்காரர்கள் என்று பயன்படுத்தியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, என் வாதத்தின் முதுகெலும்பு என்று அதைத்தான் சொல்வேன். மருத்துவப் பஞ்சு சோப்பில்லாத வெறும் தண்ணீரில்தான் 10 நொடியில் மூழ்குகிறது. அப்போது தண்ணீரின் இழுவிசை குறையவே இல்லை, அதே 72-தான். மாறியது இழை. மெழுகு போன இழை தண்ணீரை விரும்புகிறது. அப்படி விரும்பும் இழைக்குள் நீரை இழுத்துக்கொண்டு போவதும் அதே பரப்பு இழுவிசைதான். எதிரியாக நின்ற விசை கூலியில்லாத ஆளாக மாறிவிடுகிறது. ஆக, வெள்ளாவி ஓர் இரவுக்கு மட்டும் தண்ணீரை மாற்றி, அதைக் கொண்டு துணியை நிரந்தரமாக மாற்றியது. அதன் பிறகு கல்லில் அடித்து அலசுவதற்கும், வெயிலில் விரித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வெளுப்பேற்றுவதற்கும், நீலம் போடுவதற்கும், சாயம் தோய்ப்பதற்கும் எதுவும் கூடுதலாகத் தேவைப்படவில்லை. சாதாரணத் தண்ணீரே நூலின் நடுவரை போய்விடும். வெண்மையெல்லாம் வெயிலும் அடியும் தந்தவை, வெள்ளாவி வெறும் முன்வேலை என்று சிலர் சொல்வதற்கு இதுவே மறுமொழி. வெயில் வெளுக்க ஈரம் வேண்டும். ஈரம் புகாத இழையை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் கோரா கோராவாகவே கிடக்கும்.

துணி தண்ணீரை ஏற்கும் அளவை இந்தக் கரையோரத் தொழிலாளர் தெரிந்தே கட்டுப்படுத்தினார்கள் என்பதற்கு எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. வெளுத்த துணி சித்திரம் எழுதுவோர் கைக்குப் போனதும் அவர்கள் முதலில் செய்த வேலை, கடுக்காய் அரைத்துக் கலந்த எருமைப்பாலில் அதைத் தோய்த்து உலர்த்தியது. 1742-ல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார் கேர்தூ எழுதிய கடிதத்தில் இது விவரமாக வருகிறது. கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பிடித்துவைக்க. பால் எதற்கு? நன்றாக வெளுத்த துணியில் தூரிகையை வைத்தால் மை கோட்டுக்குள் நிற்காமல் ஊறிப் பரவிவிடும். பாலின் கொழுப்பு இழையின் மேல் மெல்லிய போர்வையாகப் படிந்து, தண்ணீரின் ஓட்டத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் தடுக்கிறது. ஆட்டுப்பாலோ பசும்பாலோ அல்ல, கொழுப்பு அதிகமுள்ள எருமைப்பாலையே கேட்டு வாங்கினார்கள். வண்ணார் முழுதாகக் கழற்றிய போர்வையைச் சித்திரக்காரர் அளவோடு திருப்பிப் போர்த்தினார். பரப்பு இழுவிசை என்ற பெயர் இவர்களுக்குத் தெரியாது என்பது உண்மை. பெயர் தெரியாமலே அளவு தெரிந்திருந்தது என்பதும் உண்மை. இதை விஞ்ஞானம் என்று சொல்லி மார்தட்டத் தேவையில்லை. அதற்கு அளவுகோலும் விதியும் வேண்டும். அந்த அளவுகோல் கடைசியில் எங்கே பிறந்தது என்று பார்த்தால் அதுவும் ஒரு பாத்திரம் கழுவும் தொட்டியில்தான். ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரில் கல்லூரிப் படிப்புக்கு வழியில்லாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டிருந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ், ஒரு தகரத் தட்டும் ஒரு தகரப் பட்டையும் வைத்து எண்ணெய்ப் படலம் நீரின் இழுவிசையை எப்படிக் குறைக்கிறது என்று அளந்தார். அதை விளக்கி ரேலி பிரபுவுக்கு எழுதிய கடிதம் 1891 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. லாங்மியூர் 1917-ல் அந்த வழியிலேயே போய்ப் படலத்தின் கனம் ஒரே மூலக்கூறு என்று காட்டினார், 1932-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவானது. சோப்பு நன்மை தருமென்றால், அதை வாங்கியோ காய்ச்சியோ பயன்படுத்த வேண்டியதுதானே? டாக்காவில் மஸ்லின் வெளுக்கச் சோப்பு பயன்பட்டதே? பூவந்திக்கொட்டையும் சீயக்காயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தனவே? பூவந்திக்கொட்டையின் நுரைப்பொருளும் தண்ணீரின் தோலைத் தளர்த்தத்தான் செய்யும். ஆனால் காரமில்லாததால் மெழுகைக் கரைக்காது. அதனால்தான் மென்மையாக நடத்த வேண்டிய பட்டுக்கும் கம்பளிக்கும் தலைமயிருக்கும் அது போயிற்று, கப்பல் கப்பலாகப் போகிற பருத்திக்கு வரவில்லை. கட்டிச் சோப்புக்கு எண்ணெய் வேண்டும், எண்ணெய் சோற்றுக்கும் விளக்குக்கும் போட்டிப் பொருள். உவர்மண்ணோ சுரண்டினால் கிடைப்பது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர். கடலோரக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம். அதில் சோப்பைத் தேய்த்தால் கால்சியம் சோப்போடு சேர்ந்து தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப் பிசுக்காகத் துணியிலேயே ஒட்டும், நுரை வராது, இழுவிசையும் குறையாது. உவர்மண் காரம் அதே கால்சியத்தை முதலில் சுண்ணாம்பாக வீழ்த்திவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கும். சோப்பு தோற்கிற தண்ணீரில் உவர்மண் ஜெயிக்கும். அப்படியிருந்தும் நல்ல தண்ணீர் நல்ல தண்ணீர்தான். 1772-ல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுபோக வெட்டிய ஏழு கிணறு, இன்றைய பழைய வண்ணாரப்பேட்டைக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. மணலில் வடிந்த மென்னீர் எங்கே ஊறும் என்று கம்பெனியின் பொறியாளர்கள் தேடுவதற்கு முன்பே வண்ணார்கள் அதன் பக்கத்தில் குடியிருந்தார்கள் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேட்டையின் வீழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம், பல இடங்களில் சொல்லப்பட்ட கதைதான். ஐரோப்பாவில் ஒரு துணியை வெளுக்க மாதக்கணக்கில் புல்வெளியில் விரித்துக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். 1774-ல் ஷீலே குளோரினைக் கண்டார், 1785-ல் பெர்த்தோலே அதைக்கொண்டு துணி வெளுத்துக் காட்டினார், 1799-ல் கிளாஸ்கோவின் டென்னன்ட் அதைப் பொடியாக்கி விற்றார். 1791-ல் லெப்லான் கடலுப்பிலிருந்தே சோடா செய்யும் வழிக்கு உரிமம் பெற்றார். மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. மான்செஸ்டர் துணி வெளுத்தே வந்து இறங்கத் தொடங்கியதும், கம்பெனியின் வியாபாரம் 1833-க்குப் பிறகு முற்றாக நின்றதும், ஏற்றுமதி வெளுப்புக்கு இருந்த தேவை கரைந்துபோயிற்று. மிஞ்சியது நகரத்து வீடுகளின் அழுக்குத் துணி. இந்த மாற்றம் வெறும் வாடிக்கையாளர் மாற்றமல்ல. வெளுத்தல் வேறு, துவைத்தல் வேறு. சரக்குக்கு மதிப்புக் கூட்டிக் கூலி பேசிய தொழில், பிறர் உடம்பு அழுக்கைத் தொடுகிற வேலையாகச் சுருங்கியபோது சாதி இழிவும் அதோடு சேர்ந்து இறுகியது. பேட்டைக்குச் சாதியின் பெயரைச் சூட்டிய கம்பெனி, அந்தச் சாதிக்கு வேறு எதையும் விட்டுப்போகவில்லை.

ஆலைச் சோப்பு வந்தது இந்தக் கட்டத்தில்தான். 1884-ல் இங்கிலாந்தில் பிறந்த சன்லைட், 1888-ல் கல்கத்தாத் துறைமுகத்தில் பெட்டிகளாக இறங்கியது. சென்னை மாகாண அரசே ஒரு சோப்புத் தொழிற்சாலை தொடங்கியது: பிரெடரிக் நிக்கல்சனின் மீன்வளத் துறைச் சோதனைகளிலிருந்து பிறந்து, 1914-ல் கோழிக்கோட்டில் உருவான கேரளா சோப் இன்ஸ்டிடியூட். முதலில் மத்தி மீன் எண்ணெயில் காய்ச்சிய சோப்பு. அதன் நாற்றத்துக்கு வீடுகளில் யார் அதைச் சேர்ப்பார்கள்? ஆனால் தோட்டப் பயிர்களின் இலையில் பூச்சிமருந்து உருண்டு விழாமல் ஒட்டிப் பரவ அது நன்றாக உதவியது. அங்கேயும் வேலை தண்ணீரின் தோலைத் தளர்த்துவதுதான். இப்போது ஒரு கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டும். உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கிலேயே கொழுப்பு அமிலம் இருப்பதால் அழுக்குத் துணிக்கும் உவர்மண்ணும் வெள்ளாவியும் போதும். துணியே தன் சோப்பைச் செய்துகொள்ளும். பிறகு எதற்குச் சோப்பு ஜெயித்தது? வெண்மைக்காக ஜெயிக்கவில்லை. சோப்பில் அந்த வேதிவினை முன்கூட்டியே ஆலையில் முடிந்துவிட்டது. ஆகவே தாழியும் விறகும் ஓர் இரவும் தேவையில்லை. ஒரு வாளிப் பச்சைத் தண்ணீரும் கொல்லைப்புறக் கல்லும் போதும். வீட்டுக்குள் வேலை வந்தது, வண்ணார் வருவது குறைந்தது. அந்த இரவின் உழைப்பு வீட்டுப் பெண்களின் பகல் உழைப்பாக மாறியது. சோப்பு மிச்சப்படுத்திய நேரம் யாருடைய நேரம் என்று கேட்டால் விளம்பரங்கள் சொன்ன பதிலும் உண்மையும் ஒன்றல்ல.

வடசென்னைத் தண்ணீர் சோப்பையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. கிணற்று நீர் கடுக்கக் கடுக்க, மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறத் தொடங்கிய பிறகு, பார் சோப்பு தேய்ந்ததே தவிர நுரை எழவில்லை. கால்சியத்துக்கு மசியாத வேறொரு மூலக்கூறு தேவைப்பட்டது. 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா என்று வந்த தூள்களில் இருந்தது அதுதான். எண்ணெய்க்கும் காரத்துக்கும் பதில் பெட்ரோலியத்தில் பிறந்த செயற்கைச் சோப்பு, உப்புத் தண்ணீரிலும் இழுவிசையைக் குறைக்கும். மேலை நாடுகளில் முதலில் வந்த கிளைவிட்ட மூலக்கூறுகளை நுண்ணுயிரிகளால் தின்ன முடியாமல் ஆறுகளில் நுரை மலையாகக் குவிந்ததால், 1960-களில் கிளையில்லாத நேர்ச்சங்கிலிக்கு மாறினார்கள். அந்த நேர்ச்சங்கிலிக்கு மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீனைச் செய்வதற்காக, 1984-ல் ஸ்பிக் நிறுவனமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஆலை இருப்பது மணலியில். பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலையின் மண்ணெண்ணெய் அதற்குத் தீனி. வெளுப்புக்காக எழுந்த பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, அதே வேலைக்கான மூலப்பொருள் இன்று டன் கணக்கில் வெளியே போகிறது. நேர்ச்சங்கிலியானாலும் நுண்ணுயிரிகள் தின்ன நேரமும் காற்றும் வேண்டும். சுத்திகரிக்காத சாக்கடைக்கு இரண்டும் கிடைப்பதில்லை. 2019 டிசம்பரில் மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை ஒதுங்கிய வெள்ளை நுரையில் குழந்தைகள் விளையாடிய படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இன்று துணிக்கடைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. உங்கள் வீட்டிலோ தெருவிலோ வெள்ளாவி வைத்த முதியவர்கள் இருந்தால் மூன்று விவரங்களை மட்டும் கேட்டு எழுதி அனுப்புங்கள்: உவர்மண் எந்த ஊர் நிலத்திலிருந்து வந்தது, எத்தனை துணிக்கு எத்தனை படி, சுண்ணாம்பு சேர்த்தார்களா இல்லையா. ஆலைக் கொப்பரையின் அளவுகளெல்லாம் அச்சில் இருக்கின்றன. தாழியின் அளவு அவர்கள் வாய்ச்சொல்லில்தான் மிஞ்சியிருக்கிறது.

(அடுத்த இதழில்: ராயபுரம், 1856)